காயில்ஓவரா, கம்பெனி ஸ்பிரிங்கா? காரைத் தாழ்த்தும் முன்னாடி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமா!

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருக்கும் தெரிஞ்ச தம்பி ஒருவன், போன மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். ஆன்லைன் ஷாப்பிங் கார்ட்டில் ஒரு செட் காயில்ஓவர். விலை 78,000 ரூபாய். கீழே ஒரே ஒரு வரி: ‘அண்ணா, போட்டுடலாமா?’

அவன் கார் 2008 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். அப்பா வாங்கி, மாமா கொஞ்ச வருஷம் ஓட்டி, கடைசியாக இவன் கைக்கு வந்தது. ஓடோமீட்டரில் 1,40,000 கிலோமீட்டர். கல்லூரி முடித்து வேலைக்குப் போன முதல் வருஷத்திலிருந்து மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு பண்ணி டிங்கரிங், பெயின்ட், சீட் கவர், அலாய் வீல் எல்லாம் முடித்துவிட்டான். மிச்சம் இருப்பது அந்த ‘வீல் கேப்’. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் போகிற அந்த இடைவெளி அவன் தூக்கத்தைக் கெடுக்கிறது. அஜித் குமார் ரேஸிங் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 992 பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, இவன் போனில் தரையோடு ஒட்டிப் போகிற கார் ரீல்ஸ்தான் முழுக்க.

அந்த 78,000 அவனுடைய ஒரு வருஷச் சேமிப்பு. அதே காரில்தான் மாசம் ஒருமுறை பாட்டியை வேலூருக்கு ஆஸ்பத்திரி செக்-அப்புக்கும் கூட்டிப் போகிறான். அதனால் ‘போடு’ என்றோ ‘வேணாம்’ என்றோ ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ‘வெயிட் பண்ணு, நேர்ல வர்றேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஷாக்கை வாங்குறது ஷாக் அப்ஸார்பர் இல்ல!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘ஷாக் அப்ஸார்பர் போயிடுச்சு, அதான் தூக்கித் தூக்கிப் போடுது’ என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் பள்ளத்தின் அடியை வாங்குவது ஸ்பிரிங். இது நமக்குப் புதுசும் இல்லை. நம் தாத்தா காலத்தில் சரக்கு ஏற்றக் கட்டைவண்டி, ஆட்கள் போக வில்வண்டி என்று ரெண்டு வகை இருந்தது. அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் வளைந்த இரும்புப் பட்டையை வைத்தால் குலுங்கல் குறையும். அந்தப் பட்டை வில் மாதிரி இருந்ததால் வில்வண்டி. இன்றைக்கும் லாரி பட்டறைகளில் ‘கமான் பட்டை’ என்றுதான் சொல்வார்கள். கமான் என்றாலும் வில்தான். அம்பாசடர் காரின் பின்பக்கமும் இந்தப் பட்டைதான் தாங்கியது. இப்போதைய கார்களில் அந்த இடத்துக்குச் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது.

ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அமுக்கினால் எழும்பும், எழும்பினால் மறுபடி இறங்கும், தானாக நிற்காது. ஒரு ஸ்பீடு பிரேக்கர் தாண்டினால் அடுத்த ஐம்பது அடிக்குக் கார் கப்பல் மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக் அப்ஸார்பரின் வேலை. குழாய்க்குள் ஆயில் இருக்கும், நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகளும் மெல்லிய தகடுகளும் வைத்த ஒரு பிஸ்டன். கார் ஆடும்போது பிஸ்டன் ஆயிலைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அந்தச் சிரமத்தில் ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிவிடும். மோசமான ரோட்டில் ரொம்ப நேரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டால் சுடும். சுட்டால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆக, எடையைத் தாங்குவதும் பள்ளத்தில் மடங்குவதும் ஸ்பிரிங். எவ்வளவு வேகமாக மடங்கலாம், எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்று கட்டுப்படுத்துவது ஷாக். ரெண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருக்கணும். காயில்ஓவர் விஷயத்தில் சண்டையே இந்தப் பொருத்தத்தைப் பற்றியதுதான்.

உங்க கார்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு

‘காயில்ஓவர்’ என்றால் ஷாக்குக்கு மேல் காயில் மாட்டியிருக்கும் அமைப்பு. அவ்வளவுதான் அந்தப் பெயரின் அர்த்தம். அப்படிப் பார்த்தால் ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் ஷோரூமிலிருந்து வரும்போதே காயில்ஓவர்தான்! ஷாக்கும் அதைச் சுற்றி ஸ்பிரிங்குமாக ஒரே தூணாக நிற்கும் அந்த அமைப்புக்கு மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். எர்ல் மெக்ஃபர்சன் என்கிற அமெரிக்க இன்ஜினீயர் வடிவமைத்தது. 1940-களின் கடைசியில் ஃபோர்டு கார்களில் வர ஆரம்பித்தது. இன்றைக்கு நம் ரோட்டில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இதுதான். இதைச் சொன்னதும் தம்பியின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

கடையில் காயில்ஓவர் என்று விற்பது, இதே தூணின் மாற்றி அமைக்கக்கூடிய வடிவம். ஷாக்கின் உடம்பில் போல்ட் மாதிரி மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை அந்த மரையில் சுற்றி ஏற்றலாம், இறக்கலாம். கார் உயரம் அதற்கேற்ப மாறும். கொஞ்சம் நல்ல கிட்டில் அடிப்பக்க பிராக்கெட்டையே சுற்றி உயரத்தை மாற்றலாம். ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தொடாமலே கார் இறங்கும். தலையில் ஒரு குமிழ் இருந்தால் ஷாக் எவ்வளவு இறுக்கமாக வேலை செய்யணும் என்பதை ‘கிளிக் கிளிக்’ என்று வைக்கலாம். எல்லாக் காயில்ஓவரிலும் எல்லா வசதியும் இருக்காது. ஜெர்மனியின் கேடபிள்யூ கம்பெனியின் வரிசையே நல்ல உதாரணம்: வி1-ல் உயரம் மட்டும் மாற்றலாம், வி2-ல் ஸ்பிரிங் திரும்பி விரிகிற வேகத்தையும் மாற்றலாம், வி3-ல் மடங்குகிற வேகம், விரிகிற வேகம் ரெண்டையும் தனித்தனியாக மாற்றலாம். படத்தில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி பளபளக்கும். விலையில்தான் வித்தியாசம் தெரியும்.

ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் வேறு கதை. அங்கே டார்ஷன் பீம். ஸ்பிரிங் ஓர் இடத்தில், ஷாக் இன்னோர் இடத்தில், தனித்தனியாக இருக்கும். அதனால் இந்த மாதிரிக் கார்களுக்கு வரும் காயில்ஓவர் கிட்டைப் பிரித்தால், பின்பக்கத்துக்கு ஒரு குட்டை ஸ்பிரிங், அதை உயர்த்தித் தாழ்த்த ஒரு மரைத்தட்டு, தனியாக ஒரு ஷாக், இவ்வளவுதான் இருக்கும். அது சரியான முறைதான், ஏமாற்று இல்லை. ‘உண்மையான ரியர் காயில்ஓவர்’ என்று ஸ்பிரிங்கையும் ஷாக் மேலேயே ஏற்றித் தரும் கிட்டுகளைப் பார்த்தால்தான் உஷாராக இருக்கணும். ஷாக்கின் மேல்முனை மாட்டியிருக்கும் இடத்துத் தகடு, ஷாக்கின் வேகத்தை மட்டும் தாங்கும்படி செய்தது. அதன் தலையில் கார் எடையையே ஏற்றினால் நாள்பட அந்த இடத்தில் விரிசல் விடும். அங்கே வெல்டிங் போட்டு வலுப்படுத்தாமல் மாட்டவே கூடாது.

இடுப்பு உயரம் இல்ல, மடங்குற தூரம்தான் சொத்து

இப்போது கணக்குக்கு வரலாம். எளிமைக்காக நாலு சக்கரத்துக்கும் சமமாக 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கின் விறைப்பை ஒரு மி.மீ மடங்க எத்தனை கிலோ வேணும் என்று அளப்பார்கள். 2 கிலோ ஸ்பிரிங் என்றால், 250 கிலோவுக்கு 125 மி.மீ மடங்கி நிற்கும். அதையே 4 கிலோ ஸ்பிரிங்காக மாற்றினால் 62 மி.மீ-தான் மடங்கும்.

முதல் காரைத் தட்டிவிட்டால் வினாடிக்குச் சுமார் 1.4 தடவை ஏறி இறங்கும். குடும்பக் கார்கள் சாதாரணமாக வினாடிக்கு 1 முதல் 1.5 தடவைக்குள் இருக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். நாம் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குகிற தாளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் உறுத்தாது. ரெண்டாவது கார் வினாடிக்கு 2 தடவை ஆடும். ரேஸ் டிராக்கில் இது சாதாரணம். பின்சீட்டில் பாட்டி இருந்தால் வேலூர் போய்ச் சேருவதற்குள் முதுகு ஒரு வழியாகிவிடும்.

இதை விட முக்கியமான கணக்கு, சக்கரம் மேலே போக எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது. கார் சும்மா நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே போக 80 மி.மீ இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை 40 மி.மீ தாழ்த்தினால் அதில் பாதியை முன்கூட்டியே செலவு பண்ணியாச்சு. மீதி 40 மி.மீ-க்குள் ஒரு பள்ளத்தை முழுக்க வாங்கணும். வாங்க முடியாதபோது ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் ‘டொம்’மென்று முட்டும். அந்த நொடியில் உங்க காருக்கு ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக்கும் இல்லை. கட்டைவண்டிதான்.

தாழ்த்திய கார்களில் விறைப்பான ஸ்பிரிங் போடுவதற்குக் காரணம் இதுவே. மடங்க இடம் குறைந்துபோனதால், சீக்கிரம் மடங்காத ஸ்பிரிங் தேவைப்படுகிறது. ‘ஹார்டா இருந்தாதான் ரேஸ் ஃபீல்’ என்று ரீல்ஸில் சொல்வதெல்லாம் பாதிக் கதை. நல்ல காயில்ஓவரில் ஷாக்கின் உடம்பையே குட்டையாகச் செய்து, பிஸ்டன் ஓடும் தூரத்தைக் காப்பாற்றியிருப்பார்கள். சாதா ஷாக்கில் வெறும் லோயரிங் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பிஸ்டன் எப்போதும் குழாயின் அடிப்பக்கத்திலேயே வேலை செய்யும். விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க அதற்குத் தெம்பும் போதாது. கொஞ்ச நாளில் சீல் கசியும்.

நம்மூர் ஸ்பீடு பிரேக்கர் சும்மா விடுமா?

முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. 40 மி.மீ தாழ்த்தினால் 130. ஆள் ஏறினால் இன்னும் குறையும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் என்பது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவாக இருக்கணும். 25 கி.மீ வேகத்தில் தாண்ட வசதியாக இருக்கும். ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,390 மி.மீ. ரெண்டு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே இருக்கும்போது, நடுவில் மேடு சக்கரங்களை விட எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட்டால் சுமார் 42 மி.மீ-தான் வருகிறது. 130 மி.மீ கார் மெதுவாகப் போனால் ஈஸியாகத் தாண்டும்.

ஆனால் நாம் தினமும் தாண்டுவது அந்த மாதிரியா? ஊருக்குள் நுழைந்ததும் யாரோ சிமென்ட் கலந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிய மேடு, முட்டிக்கு முக்கால்வாசி உயரத்தில் நிற்கும். ஒரு மீட்டர் அகலத்தில் 15 செ.மீ உயர மேடு என்று வையுங்கள். அது முழுசாக ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் வந்துவிடும். 150 மி.மீ மேட்டின் மேல் 130 மி.மீ கார். சைலன்ஸரோ, இன்ஜின் ஆயில் சம்ப்போ, ஏதோ ஒன்று உரசியே தீரும். எவ்வளவு காஸ்ட்லி காயில்ஓவராக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

தம்பி ஓட்டும் பாதையையும் எண்ணிப் பார்த்தோம். திருவண்ணாமலைக்குள் பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களில் கார் எடுக்கவே முடியாது. 14 கி.மீ கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். மற்ற நாட்களில் செங்கம் ரோடு, பஸ் ஸ்டாண்ட் பக்கம், போளூர் வழியாக வேலூர். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர். வளைவில் காரைத் திருப்பும்போது வருகிற சந்தோஷம் அவனுக்கு அங்கேதான் கிடைக்கிறது. ‘அதுக்காகத்தான் அண்ணா காயில்ஓவர்’ என்றான்.

நியாயமான ஆசைதான். ஆனால் மலை ரோட்டில் காரை நிலையாகப் பிடித்து வைப்பது, டயர் எப்போதும் தார் மேல் ஒட்டிக்கொண்டே இருப்பது. வளைவின் நடுவில் ஒரு பள்ளமோ, மழையில் அரித்த ஓரமோ வந்தால், சக்கரம் கீழே இறங்கி அந்தப் பள்ளத்தைத் தொட்டுவிட்டு மேலே வர இடம் வேணும். மடங்க இடமில்லாத கார் அங்கே துள்ளும், துள்ளுகிற நேரத்தில் ஸ்டீயரிங் கையில் காற்று மாதிரி இருக்கும். ராலி கார்கள் ரேஸ் கார்கள் மாதிரி தரையோடு ஒட்டாமல் உயரமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான். அவற்றிலும் காயில்ஓவர் வகைதான் இருக்கும், நீளமான ஓட்டத்தோடு.

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் காரை ரொம்பத் தாழ்த்தினால் இன்னொரு பிரச்னையும் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் நேராக இல்லாமல், வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைவில் சாயணுமோ, அந்தப் புள்ளி காரின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும். விளைவு, தாழ்த்தினால் சாயாது என்று நினைத்து தாழ்த்திய கார், அதே ஸ்பிரிங்கில் முன்னை விட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங். கேட்டால் தலை சுற்றும். நேரில் பார்த்தால் டயரின் உள்பக்கம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும்.

அப்போ காயில்ஓவர் யாருக்கு?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் இருக்கிறது. சுமார் 3.7 கி.மீ சுற்று. அதற்கு முன்னால் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியவர்கள், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள், உருவாக்கிய டிராக் இது. இந்த மாதிரி இடத்தில் வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது காரை இறக்கி ஓட்டுபவருக்குக் காயில்ஓவர் கண்டிப்பாக வேணும்.

முக்கியக் காரணம் கார்னர் வெயிட். நாலு கால் மேசையில் ஒரு கால் குட்டையாக இருந்தால் ஆடும், இல்லையா? காரில் அது ஆடாது. ஆனால் குறுக்காக எதிரெதிரே இருக்கும் ரெண்டு சக்கரத்தில் எடை அதிகமாகிவிடும். இடதுபக்க வளைவில் ஒரு மாதிரியும் வலதுபக்க வளைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். டிராக்கில் நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தராசு வைத்து, டிரைவரையும் உட்கார வைத்து, மரைத்தட்டை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருப்பிக் குறுக்கு எடையைச் சமமாக்குவார்கள். இதைச் சாதா ஸ்பிரிங்கில் செய்யவே முடியாது. அதே மாதிரி டயர் மாற்றினால், மழை பெய்தால், அன்றைக்கு ஷாக்கை ரெண்டு கிளிக் தளர்த்தலாம்.

அப்படியென்றால் காயில்ஓவர் கிட்டுக்குக் கொடுக்கும் காசின் பெரும்பகுதி, மாற்றிக்கொள்கிற வசதிக்குத்தான் போகிறது. தராசும் இல்லை, டிராக்கும் இல்லை, ஒருமுறை உயரத்தை வைத்துவிட்டு அப்புறம் தொடவே போவதில்லை என்றால், அந்த வசதிக்கு வீணாகக் காசு கொடுத்த மாதிரி. தம்பியிடம் கேட்டேன், ‘மாசத்துக்கு எத்தனை தடவை உயரத்தை மாத்துவ?’ என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ஒரு தடவை செட் பண்ணிட்டா போதும்ணா’ என்றான்.

நம்மூர் ரோட்டில் தினசரி ஓட்டினால் பராமரிப்பும் வேறு. செம்மண் தூசியும் மழைச் சேறும் அந்த மரைக்குள் போய் உட்கார்ந்தால், ரெண்டு வருஷம் கழித்துத் தட்டைச் சுற்ற முயலும்போது அசையாது. கம்பெனி ஷாக்கின் மேல்முனையில் தடிமனான ரப்பர் இருக்கும், அதிர்வை விழுங்கிவிடும். பல காயில்ஓவர்களில் அதற்குப் பதில் உலோக உருண்டை பேரிங். ஸ்டீயரிங் துல்லியமாக இருக்கும். தேய ஆரம்பித்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ‘டக் டக்’. சீல் கசிந்தால் திறந்து சர்வீஸ் பண்ணுகிற ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு, கார் வாரக்கணக்கில் ஜாக்கில் நிற்கும்.

அவன் கார்ட்டில் வைத்திருந்த 78,000 கிட் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்தில் ஸ்பிரிங் எத்தனை கிலோ என்று எங்கேயும் போடவில்லை. ஷாக் உடம்பு எவ்வளவு குட்டை, உதிரி சீல் கிடைக்குமா, எதுவும் இல்லை. ‘32 வே அட்ஜஸ்டபிள்’ மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. முப்பத்திரண்டு கிளிக்கில் முப்பதுக்கு வித்தியாசமே தெரியாத கிட்டுகளும் சந்தையில் உண்டு. ஸ்பிரிங் அளவைச் சொல்லாத கடையில் நான் வாங்க மாட்டேன். பேர் சொல்லும் ஜப்பான், ஜெர்மனி, தைவான் கிட்டுகள் வரி, ஷிப்பிங் சேர்த்தால் லட்சத்தை ஒட்டி வந்துவிடும்.

வெட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம்

காசில்லாதவர்கள் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது. கிரைண்டரை எடுத்து ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது. ஐந்நூறு ரூபாயில் கார் இறங்கிவிடும். ஆறு சுற்று ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவிகிதம் கூடும். அதுகூடப் பரவாயில்லை. வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. பெரிய மேட்டில் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தன் இடத்தில் லூஸாகி நகரும். திரும்பி வரும்போது கோணலாக உட்காரும். சூடு பண்ணி ஸ்பிரிங்கை இறக்குவது அதை விட மோசம். பதம் போன இரும்பு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆர்.சி, இன்ஷூரன்ஸ்... இதையும் பாருங்க

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாமல் பாகங்களை மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். தேய்ந்த ஷாக்கைக் கழற்றிவிட்டு அதே அளவு புதுசு போடுவது ரிப்பேர். யாரும் கேட்க மாட்டார்கள். கார் உயரத்தையே மாற்றுவது வேறு. விபத்து நடந்து சர்வேயர் வந்து காரின் அடியைப் பார்க்கும்போது, மஞ்சள் கலரில் மின்னும் ஸ்பிரிங்கைப் பார்த்து அவர் என்ன எழுதுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டிராக்குக்கு மட்டுமே போகிற, டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோகிற கார் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

ஜாக்கில் ஏத்திப் பார்த்தோம்

அன்று மாலையே அவன் வழக்கமாக விடும் பட்டறைக்குக் காரை எடுத்துப் போனோம். மெக்கானிக் அண்ணன் ஜாக்கில் ஏற்றி, டார்ச் அடித்து, கம்பியால் லோயர் ஆர்மை நெம்பிப் பார்த்தார். முன்பக்க இடது ஷாக்கில் ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தது. பின் டயரைக் கையால் தடவினால் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. ஷாக் சோர்ந்து, டயர் தரையில் குதித்துக் குதித்து ஓடியதன் அடையாளம். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருந்தது. ஸ்டெபிலைசர் லிங்க் ராடு கையால் ஆட்டினாலே ஆடியது. ‘பதினாறு வருஷத்து ரப்பர் தம்பி. இது மேல நீ எதை மாட்டினாலும் இதேதான் ஆடும்’ என்றார்.

எனக்கு அதுதான் பதிலாகப் பட்டது. ‘கார் வளைவில் மிதக்குது’ என்று அவன் ரெண்டு வருஷமாகச் சொன்னதற்குக் காரணம், கம்பெனி சஸ்பென்ஷன் சரியில்லை என்பது இல்லை. கம்பெனி சஸ்பென்ஷன் காரில் இப்போது இல்லவே இல்லை. 1,40,000 கி.மீ-ல் அது செத்துப் பல நாளாகிறது. அவன் புது ஸ்விஃப்ட்டின் சஸ்பென்ஷனை ஒருநாள்கூட ஓட்டிப் பார்த்ததில்லை.

நாலு ஷாக், முன்பக்க ரெண்டு மவுன்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் பூட், புஷ்ஷோடு லோயர் ஆர்ம் ரெண்டு, லிங்க் ராடு ரெண்டு, கூலி, அலைன்மென்ட். பட்டறைக் கணக்கு 20,000-க்குள் வந்தது. ஷாக்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்றணும். கசிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் ரெண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி நடக்கும். ஸ்பிரிங்கை மாற்றத் தேவையில்லை என்றார் அண்ணன். நாலு பக்கமும் உயரத்தை டேப் வைத்து அளந்தோம், சமமாகத்தான் இருந்தது. மிச்சக் காசில் நல்ல டயர் நாலு போட்டால், ஜவ்வாது மலையில் அவன் தேடுகிற பிடிப்பில் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடும்.

‘அப்போ வீல் கேப்?’ என்றான். விடவே மாட்டான்! அதற்கும் ஒரு நடுவழி உண்டு. 20, 25 மி.மீ மட்டும் இறக்கும் ஸ்பிரிங்கும், அதற்கென்றே குட்டையாகச் செய்த ஷாக்கும் ஜோடியாக விற்கிறார்கள். பில்ஸ்டைனின் பி12 கிட் அப்படித்தான். ஐபாக் ஸ்பிரிங்கும் பில்ஸ்டைனின் பி8 ஷாக்கும் ஒரே பெட்டியில் வரும். உயரத்தை மாற்ற முடியாது, ஆனால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தவை. நம்மூரில் ஓடும் எல்லா மாடலுக்கும் இப்படிக் கிடைக்காது. கிடைத்தாலும், மேலே சொன்ன சட்டக் கதை அதற்கும் உண்டு. தம்பி அதை அடுத்த தீபாவளிக்குத் தள்ளி வைத்திருக்கிறான்.

ஷாக் மாற்றிய அன்று நான் அங்கேயே இருந்தேன். நீங்களும் மாற்றப் போகிறீர்கள் என்றால் இந்த ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் ஞாபகப்படுத்துங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, கார் ஜாக்கில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, ரெண்டு முறை அமுக்கி விட்டு, எடை முழுக்க ஸ்பிரிங்கில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால், கார் கீழே வந்ததும் புஷ் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் மறுபடி கிழியும். பட்டறைக் குழியில் இறங்கி இதைச் செய்ய அண்ணன் கொஞ்சம் முணுமுணுத்தார். ஆனால் செய்தார்.

அடுத்த வாரம் தம்பியிடமிருந்து மறுபடி வாட்ஸ்அப். இந்த முறை வாய்ஸ் நோட். பின்னணியில் கார் ஓடுகிற சத்தம், வேலூர் ரோடு. ‘அண்ணா, ஊருக்கு வெளிய ஒரு மேடு இருக்குல்ல, எப்பவும் பாட்டி ‘முருகா’ன்னு கத்தும். இன்னிக்கு அதைத் தாண்டினது தெரியாம தூங்கிட்டு இருக்கு.’